நாலாம் நம்பர் கம்பிச்சுருள்

நான் வேலை பார்த்த கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்துக்குப் புதிய மீட்டர்கள் வந்திருக்கின்றன என்று போன வாரம் எனக்குப் போன் வந்தது. என் வேலைக்கு இப்போது வந்திருக்கும் பெண் பேசினாள். இரண்டு முனைகளைத் தொட்டால் போதும், இத்தனை ஓம் என்று அதுவே எண்ணில் காட்டிவிடுகிறதாம். "நீங்க எல்லாம் எப்படி சார் வோல்ட் தனியா ஆம்பியர் தனியா பாத்து வகுத்துக்கினு இருந்தீங்க? அதப் பத்தி எழுதிக் குடுங்களேன், ஆண்டு மலர்ல போடலாம்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று சாப்பாட்டின் நடுவில் இரண்டு தடவை எழுந்துவிட்டேன். "இன்னா தேடற? உக்காந்து துன்னு" என்றாள் என் மனைவி. எதையும் தேடவில்லை. எழுதினால் எதை எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆந்திர எல்லையோரம் நகரியில் பிறந்தவன் நான். வீட்டில் எல்லோருக்கும் தறி. எனக்குத் தறிச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. பத்தாவது முடித்ததும் திருப்பதியில் ஒரு ஜூனியர் கல்லூரியில் லேப் அட்டெண்டர் வேலை கிடைத்தது. காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன். முதல் இரண்டு வருடம் தூசி தட்டியதும் மேசை துடைத்ததும்தான். பிறகு எந்தக் கம்பியை எங்கே முடுக்குவது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் கம்பி போகும் வழியிலேயே நடுவில் நிற்க வேண்டும். வோல்ட்மீட்டர் சுருளின் இரு முனைகளையும் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அம்மீட்டரின் முள் ஒரே அடியாக ஓரத்தில் போய் மோதும். அந்தச் சத்தம் அறையின் எந்த மூலையில் கேட்டாலும் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைக்கக் கற்றேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் வாட். என் படிப்பு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் ஓட்டினேன்.

என் மேலதிகாரி சுகுணா மேடம். இயற்பியல் லெக்சரர், ஆய்வகப் பொறுப்பு அவரிடம். மதனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு மேசையாக வந்து நின்று, மீட்டரின் கண்ணாடியை ஆள்காட்டி விரல் நகத்தால் இரண்டு தடவை தட்டுவார். ஒட்டிக்கொண்டிருக்கும் முள் அந்தத் தட்டலில் விடுபட்டு அரைக் கோடு நகரும். அதன் பிறகுதான் அளவைப் படிப்பார். மாணவர்கள் மின்தடையை மட்டும் எழுதிக் கொண்டுவந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். "வோல்ட் எங்க? ஆம்பியர் எங்க? ரெண்டும் நீ கண்ணால பாத்தது. ஓம் நீ பாத்தது இல்ல, நீ போட்ட கணக்கு. பாத்தது முதல்ல, கணக்கு அப்புறம்" என்பார். எல்லாக் கட்டத்திலும் ஒரே விடை வந்திருந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பையனையே கொஞ்ச நேரம் பார்ப்பார். நிஜமான முள் அவ்வளவு ஒழுங்காக நிற்காது.

மேடத்திடம் எனக்குப் பயம் ஒரே விஷயத்தில்தான். உடைந்த பொருள்களுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. ஒரு கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டாலும் அன்றைக்கே அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு லென்ஸ் உடைந்ததை எழுதாமல் மறைத்தார். அவரைச் சித்தூருக்கு மாற்றினார்கள். நகரியிலிருந்து சித்தூருக்கு நேரடி ரயில் கிடையாது. இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தக் காலத்தில் என் அம்மா படுக்கையில் இருந்தாள்.

இனி அந்தச் சுருள்.

இன்டர் இரண்டாம் வருட, அதாவது பிளஸ் டூ, செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, அலமாரியைத் துடைக்கும்போது நாலாம் நம்பர் கம்பிச்சுருள் என் கையிலிருந்து விழுந்தது. மரக்கட்டையில் சுற்றி, இரண்டு பித்தளைத் திருகுகளில் முடிந்த சாதாரணச் சுருள். மேலே ஐந்து ஓம் என்று சீட்டு ஒட்டியிருக்கும். விழுந்த வேகத்தில் கம்பி இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. மேடம் வகுப்பில் இருந்தார். இழுப்பறையில் கிடந்த வேறொரு கம்பியை எடுத்தேன். பார்வைக்கு அதே தடிமன். அதே அளவு சுற்றுகள் சுற்றித் திருகினேன். பதிவேட்டில் எழுதவில்லை. எழுதாதது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, மீட்டரை வைத்து அதை அளந்து பார்க்கவில்லை. இரண்டு நிமிட வேலை. மேடம் வந்துவிடுவாரே என்ற அவசரத்தில் அலமாரியைப் பூட்டிவிட்டேன்.

தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சித்தூர்க்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போனார். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. இரண்டு நாள் தேர்வு, காலையில் ஒரு அணி, மதியம் ஒரு அணி. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு சோதனை. மாணவர்கள் சீட்டு எடுத்து அந்தந்த மேசைக்குப் போவார்கள். ஜன்னல் ஓரத்து மூன்றாவது மேசையில் ஓம் விதி. அதற்கு நான் எடுத்து வைத்தது நாலாம் நம்பர் சுருள்.

முதல் நாள் காலை அந்த மேசைக்கு வந்தவன் லோகநாதன். எங்கள் தெருப் பையன். அவன் அப்பா ஏழுமலை விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவன். நானும் ஏழுமலையும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். லோகு என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். சீட்டு எடுத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டான். எக்ஸாமினர் தாளில் ஐந்து ஓம் என்ற விடையைப் பார்த்து, "வெரி குட்" என்று சத்தமாகவே சொன்னார். லோகு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

மதிய அணியில் அதே மேசைக்கு வந்தது ரேவதி. சத்தியவேடு பக்கத்தில் விவசாயக் குடும்பம். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அதிகம் பேசாத பெண். கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, இழுத்துப் பார்த்து, பிறகுதான் சுவிட்சைப் போட்டாள். அவள் கேட்ட வெள்ளைத் தாளைக் கொடுக்க அருகில் போனேன். மேடத்தைப் போலவே நகத்தால் கண்ணாடியைத் தட்டிவிட்டுக் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். என் கண் தானாக முள்ளுக்குப் போனது. வோல்ட்மீட்டர் நாலு. அம்மீட்டர் அரை.

நாலை அரையால் வகுத்தால் எட்டு.

சுருள் மேல் ஒட்டிய சீட்டில் ஐந்து என்று இருந்தது. ஐந்து ஓம் என்றால் அந்த நாலு வோல்ட்டுக்கு முள் புள்ளி எட்டில் நின்றிருக்க வேண்டும். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தேன். காலையில் லோகு எப்படி ஐந்து எழுதினான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் முள்ளைப் பார்க்கவே இல்லை. சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

தாளைக் கொடுக்கும் நேரம் வந்தது. எக்ஸாமினர் அவள் அட்டவணையில் விரலை ஓட்டினார். "ஏம்மா, இதேமிட்டி, என்ன இது? எட்டா?" தெலுங்கில்தான் எல்லாம் நடந்தது.

"எட்டு புள்ளி பூஜ்யம் அஞ்சு சார், சராசரி."

"சுருள் மேல என்ன எழுதியிருக்கு? காலையில ஒரு பையன் இதே சுருளுக்கு அஞ்சு கொண்டுவந்தான். உனக்கு மட்டும் எப்படி எட்டு வரும்? நாலு வோல்ட்டுக்கு எத்தனை வாட்?"

"ரெண்டு வாட் சார்."

"மூணு புள்ளி ரெண்டு வரணும். வாட்டும் தப்பு."

"நான் பாத்ததத்தான் எழுதினேன் சார். நீங்களே ஒருவாட்டி முள்ளப் பாருங்க சார்."

"இருபது பேருக்கும் நானே செஞ்சு பாக்கணுமா? கற்பனையா எழுதிட்டு எதிர்த்துப் பேசறயா?"

சிவப்புப் பேனாவால் அட்டவணை முழுக்கக் குறுக்குக் கோடு போட்டார். பாஸுக்குக் கீழே மார்க். சுகுணா மேடம் அப்போது பிரின்சிபால் அறையில் இருந்தார். திரும்பி வந்து அந்தத் தாளைப் பார்த்தார். அந்தப் பெண்ணையும் பார்த்தார். வெளி எக்ஸாமினரின் பேனா மேல் உள்ளே இருப்பவர்கள் கை வைக்கக் கூடாது என்பது விதி. தாளை மற்றத் தாள்களின் கட்டோடு சேர்த்தார்.

எல்லோரும் போன பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு வந்தேன். ரேவதி படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"அண்ணா, நான் கனெக்ஷன் தப்பாக் குடுத்துட்டேனா? நீங்க கிட்ட வந்தீங்களே, பாத்தீங்களா?"

"தெரியாதும்மா. நான் கவனிக்கல" என்றேன்.

லோகுவைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது பதிவேடும் சித்தூர் பஸ்ஸும்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். எக்ஸாமினரைப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சித்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். நான் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றினேன். மறுபடி சுற்றினேன். படியில் ஒரு காலை வைத்தேன். "சித்தூரா? ஏறு" என்றார் கண்டக்டர். காலை எடுத்துவிட்டேன். பஸ் புறப்பட்டுப் போனது.

ரயிலில் ரேணிகுண்டா தாண்டியும் உட்காரவில்லை, கதவருகிலேயே நின்றேன். நகரி ஸ்டேஷனுக்கு வெளியே ஏழுமலை எனக்காகக் காத்திருந்தான். எண்ணெய்க் கை, பஞ்சு ஒட்டிய தலைமுடி. வாயெல்லாம் பல்.

"முனுசாமி, புள்ள நல்லா செஞ்சிக்கினானாமே! வெளியூர் ஆபீசரே வெரி குட்டுன்னு சொன்னாராம். நீ பாத்துக்கினு இருந்தியாமே? வா, டீ துன்னலாம்."

எங்கள் பக்கத்தில் டீயையும் சிலர் துன்னலாம் என்பார்கள். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக வரவில்லை. கடையில் இருந்தவர்களிடமெல்லாம் அவன் சொன்னான். "இவன்தான் அங்க இருந்தான், கேட்டுப் பாருங்க" என்று என் தோளில் கை போட்டான். நான் தலையை ஆட்டினேன். டீயையும் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவதாக அவன் சொன்னான். என்னையும் கூப்பிட்டான்.

மறுநாள் முதல் ரயிலில் போனேன். எட்டு மணிக்கே சுகுணா மேடம் ஆய்வகத்தில் இருந்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய், "மேடம், நாலாம் நம்பர் சுருள்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எப்போ விழுந்துச்சு?"

"பதினோரு நாள் ஆச்சு மேடம்."

"அளந்தியா?"

"இல்ல மேடம்."

"கனெக்ஷன் குடு."

கொடுத்தேன். திருகு இரண்டு தடவை நழுவியது. அவர் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். "நாலு வோல்ட். அரை ஆம்பியர். வகு."

"எட்டு மேடம்."

"பெருக்கு."

"ரெண்டு வாட்."

"அந்தப் பொண்ணு இத சொன்னப்போ நீ எங்க இருந்த?"

"மூணாவது மேசைகிட்ட."

அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "எழுது. அன்னிக்குத் தேதி போடாதே. இன்னிக்குத் தேதி போடு. பதினோரு நாள் லேட்டுன்னும் எழுது." நான் எழுதும் வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு பதிவேட்டையும் சுருளையும் தானே எடுத்துக்கொண்டு எக்ஸாமினர் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். லோகுவின் பெயரை மேடத்திடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எக்ஸாமினர் முதலில் கோபப்பட்டார். பிறகு தானே உட்கார்ந்து நாலு அளவு எடுத்தார். தாளில் எழுதி வகுத்தார். பேனாவை மூடி வைத்தார். மார்க் லிஸ்ட் அன்று மாலைதான் உறையில் போட்டு அரக்கு வைக்க வேண்டும். அதனால் வழி இருந்தது. ரேவதியின் தாளை எடுத்துக் குறுக்குக் கோட்டின் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, மார்க்கைத் திருத்தினார். ஹாஸ்டலிலிருந்து அவளை வரவழைத்து, "தப்பு என்னுதும்மா" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமான பார்வை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

அடுத்து அவர் கட்டிலிருந்து லோகுவின் தாளை எடுத்தார். ஒரு வோல்ட்டுக்குப் புள்ளி இரண்டு, இரண்டு வோல்ட்டுக்குப் புள்ளி நாலு, மூன்றுக்குப் புள்ளி ஆறு, நாலுக்குப் புள்ளி எட்டு. எல்லாக் கட்டத்திலும் ஐந்து. கோடு பிசகாத அழகு. "இது எங்கிருந்து வந்தது?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டார்.

அவனை அப்படியே ஃபெயில் ஆக்கியிருக்கலாம். மேடம் குறுக்கிட்டார். "சீட்டுல இருந்த நம்பர் எங்க தப்பு சார். அதுவும் அவன ஏமாத்துச்சு. இன்னொரு தடவ குடுங்க." மதிய அணியோடு லோகுவையும் உட்கார வைத்தார்கள், சீட்டே ஒட்டாத வேறொரு சுருளோடு. நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. அறையின் கடைசியில் நின்றேன். அரை மணி நேரம் கம்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சும்மா இருந்தான். பிறகு எனக்குப் பழக்கமான அந்தச் சத்தம் கேட்டது. முள் ஓரத்தில் மோதும் சத்தம். உடம்பு தானாக முன்னால் பாய்ந்தது. மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். அவரே போய்ச் சுவிட்சை அணைத்தார்.

லோகு ஃபெயில். மறுதேர்வில் பாஸ் ஆனான், ஆனால் அந்த வருடத்து டிகிரி கல்லூரி இடங்கள் நிரம்பிவிட்டன. அப்பாவோடு தறிக்குப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காணிப்பாக்கம் போகவில்லை. ஏழுமலை என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்தான். என் அம்மா செத்தபோது வந்தான். தூரத்தில் நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு மெமோ வந்தது. மேடம் தன் கையால் எழுதியது. சித்தூருக்கு மாற்றல். கடைசி நாள் சாவிகளைக் கொடுக்கப் போனபோது, "உன் மேல எனக்கு வருத்தம் இருக்கு முனுசாமி. ஆனா நீ வந்து சொன்ன. சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அத நான் மறக்க மாட்டேன்" என்றார். சித்தூரில் ஆறு வருடம் இருந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கிருந்த எல்லாச் சுருளையும் அளந்தேன். அங்கே இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். திருப்பதிக்குத் திரும்பியபோது மேடம் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார்.

இவ்வளவோடு முடித்திருப்பேன். ஆனால் இந்த வருடம் சத்தியவேட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் என் எதிரில் வந்து நின்றான். தலையில் அங்கங்கே நரை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் லோகு என்று தெரிந்தது. பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஹீட்டர் செய்யும் கம்பெனியில் வேலையாம். பெல்ட்டில் ஓடிவரும் ஒவ்வொரு பொருளிலும் வோல்ட், ஆம்பியர் பார்த்து எழுதுவதுதான் அவன் வேலை. அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

"என் மேல கோவமாடா?" என்று கேட்டுவிட்டேன்.

"காட்டிக்குடுத்தீங்கன்னு கோவம் இல்ல மாமா. நான் செஞ்சது களவுதான். மதியமே உங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி இல்ல? தெரிஞ்சிக்கினே சாயந்திரம் நைனா பக்கத்துல நின்னு தலையாட்டிக்கினு இருந்தீங்களே. ஊர் முழுக்க சொல்லிக்கினு திரிஞ்சாரு அவரு. மறுநாள் அதே வாயால இல்லன்னு சொல்ல வேண்டியதாப் போச்சி. நான் ஃபெயிலானதுக்கு அவரு அழுவல மாமா. அதுக்குத்தான் அழுதாரு."

ஆமாம் என்று கூட எனக்குச் சொல்ல வரவில்லை. நாகலாபுரம் வழி நகரி போகும் பஸ் வந்தது. லோகு ஏறி, ஜன்னலில் தலையை நீட்டி, "ஏறுங்க மாமா, எடம் இருக்குது" என்றான். பக்கத்தில் உட்கார்ந்தேன். நகரியில் இறங்கியதும் அவன், "வூட்டுக்கு வாங்க. எங்கிட்ட சொல்லாதத அவருகிட்ட சொல்லுங்க" என்றான்.

ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, தறி தின்றுவிட்டது. பக்கத்தில் போய்க் குனிந்து சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கு உன்னோடு நிற்கும்போதே எனக்குத் தெரியும், தெரிந்தேதான் தலையை ஆட்டினேன், பயந்துகொண்டு சொல்லவில்லை என்று. டிவியை விட அதிகச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவன் டிவியை அணைத்தான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லடா" என்றான்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஏழுமலை என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.